இரும்பின் உயிர் அதன் தோலில்

ஒரு சிறு சோதனையுடன் தொடங்குவோம். துணி காயப்போடும் கொடிக்கம்பியில் ஒரு சாண் நீளமுள்ள இரண்டு துண்டுகளை வெட்டிக்கொள்ளுங்கள். ஒரு துண்டின் நடுவில் அரத்தின் விளிம்பால் சுற்றிலும் லேசாக ஒரு கீறல் போடுங்கள். மற்றத் துண்டை அப்படியே விட்டுவிடுங்கள். இப்போது இரண்டு குறடுகளைக் கொண்டு ஒவ்வொரு துண்டையும் நடுவில் பிடித்து, முன்னும் பின்னுமாக ஒரே அளவு வளையுங்கள். எத்தனையாவது வளைவில் கம்பி ஒடிகிறது என்று எண்ணிக் குறித்துக்கொள்ளுங்கள். ஒடிந்த முனை கூர்மையாக இருக்கும்; கையைக் கிழித்துக்கொள்ளாதீர்கள்.

இரண்டு உண்மைகள் உங்களுக்குப் புலப்படும். முதலாவது: இருவர் ஆளுக்கொரு முனையைப் பிடித்து இழுத்தாலும் அறாத கம்பி, ஒரு சிறுவன் சில தடவை வளைத்ததும் ஒடிந்துவிடுகிறது. இரண்டாவது: கீறல் விழுந்த கம்பி மற்றதைவிட விரைவில் ஒடிகிறது. கீறலின் ஆழம் கம்பியின் பருமனில் ஒரு சிறு பங்குதான். அவ்வளவு சிறிய காயம் ஏன் அவ்வளவு பெரிய கேட்டை விளைவிக்கிறது?

இந்தக் கேள்விக்கு விடை தேடிப் பொறியியலார் நூற்றெண்பது ஆண்டுகளுக்கு மேலாக உழைத்து வருகிறார்கள். ரயில் வண்டியின் அச்சு, லாரியின் கிராங்க் ஷாஃப்ட், விமான எஞ்சினின் சுழல்தட்டு ஆகிய எல்லாவற்றின் ஆயுளும் இந்த விடையைப் பொறுத்தே இருக்கிறது. அவற்றை நம்பிப் பயணம் செய்யும் நம்முடைய ஆயுளும் அப்படித்தான்.

நான் வெட்டிய எழுத்து

இந்தப் பாடத்தை நான் முதலில் புத்தகத்தில் படிக்கவில்லை. சாலையில் விழுந்து படித்தேன். மாணவனாக இருந்தபோது என் அண்ணன் ஓட்டிய பழைய சைக்கிள் எனக்கு வந்து சேர்ந்தது. திருடு போய்விடுமோ என்று பயந்து, பெடல் மாட்டியிருக்கும் கிராங்கின் விளிம்பில் உளியும் சுத்தியலும் கொண்டு என் பெயரின் முதல் எழுத்தை ஆழமாக வெட்டி வைத்தேன். ஓராண்டுக்கு மேல் ஒரு குறையும் இல்லை. ஒரு நாள் மேம்பாலத்தில் ஏறும்போது எழுந்து நின்று மிதித்தேன். 'டக்' என்ற ஓசையுடன் கிராங்க் இரண்டாக ஒடிந்தது. நான் சாலையில் விழுந்தேன். பின்னால் வந்த பேருந்தின் ஓட்டுநர் சட்டென்று நிறுத்தியதால்தான் இன்று இதை எழுதிக்கொண்டிருக்கிறேன்.

சைக்கிள் கடைக்காரர் ஒடிந்த துண்டை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "தம்பி, இது இன்னைக்கு ஒடஞ்சது இல்ல. ரொம்ப நாளா ஒடஞ்சுக்கிட்டே இருந்திருக்கு," என்றார்.

ஒடிந்த முகத்தில் இரண்டு பகுதிகள் தெளிவாகத் தெரிந்தன. ஒரு பகுதி கறுத்து, வழவழப்பாக இருந்தது. கடற்கரை மணலில் அலை விட்டுச் சென்ற கோடுகளைப் போல் அதில் வளைகோடுகள் ஒன்றன்பின் ஒன்றாகத் தெரிந்தன. மறு பகுதி புதிதாக உடைத்த கற்கண்டைப்போல் மினுமினுப்பாகவும் சொரசொரப்பாகவும் இருந்தது. கறுத்த பகுதி பல மாதங்களாக மெல்ல வளர்ந்த விரிசல். மினுமினுத்த பகுதி அன்று ஒரே நொடியில் ஒடிந்தது. வளைகோடுகள் அனைத்தும் ஒரே புள்ளியைச் சுற்றி அமைந்திருந்தன. அந்தப் புள்ளி, நான் உளியால் வெட்டிய எழுத்தின் கால்.

வெர்சேல்ஸ் ரயிலும் உடைந்த அச்சும்

1842-ஆம் ஆண்டு மே 8-ஆம் நாள். பிரான்சு நாட்டில் வெர்சேல்ஸில் அரசரின் விழாவைக் கண்டு களித்த மக்கள் ரயிலில் பாரிசுக்குத் திரும்பிக்கொண்டிருந்தார்கள். மூதோன் என்ற இடத்தருகே முன்னால் சென்ற எஞ்சினின் அச்சு ஒடிந்தது. பின்னால் வந்த எஞ்சினும் பெட்டிகளும் அதன்மேல் ஏறிக் குவிந்து தீப்பற்றிக்கொண்டன. பெட்டிகளின் கதவுகள் அக்கால வழக்கப்படி வெளியிலிருந்து பூட்டப்பட்டிருந்தன. குறைந்தது 55 பேர் மாண்டனர். அண்டார்க்டிக் கடலை ஆராய்ந்து திரும்பிய புகழ்பெற்ற கடலோடி துய்மோன் துர்வில் தம் மனைவி, மகனுடன் அதில் உயிரிழந்தார்.

நன்றாக இருந்த அச்சு ஏன் ஒடிந்தது? அதிர்வினால் இரும்பின் உட்புறம் முழுவதும் நார்த்தன்மையை இழந்து படிகமாக மாறிவிடுகிறது என்று அந்நாளில் பலர் நம்பினர். ஒடிந்த முகத்தின் மினுமினுப்பு அவர்களை ஏமாற்றியது. 1843-ல் ராங்கின் என்ற ஸ்காட்லாந்து இளைஞர் ஒடிந்த அச்சுகளை ஆராய்ந்து வேறொரு விளக்கம் தந்தார். அச்சின் பருமன் திடீரென்று குறையும் மூலையில், வெளிப்பரப்பிலிருந்து விரிசல் தொடங்கிச் சிறிது சிறிதாக உள்நோக்கி வளர்கிறது. இரும்பின் தன்மை மாறவில்லை என்றார் அவர். அந்த மூலையைக் கூர்மையாக விடாமல் உருட்டி வளைவாக அமைக்கவேண்டும் என்றும் சொன்னார். அப்போது அவருக்கு வயது 22. வெப்ப இயக்கவியலில் இன்று அவர் பெயரால் ஒரு சுழற்சியே வழங்குகிறது.

அடுத்து வந்தவர் ஜெர்மனியின் ரயில்வே பொறியியலாளர் ஆகஸ்ட் வேலர். 1850-களிலும் 1860-களிலும் அவர் இரும்புத் தண்டுகளைச் சுமையோடு சுழலவிட்டு, எத்தனையாவது சுற்றில் அவை ஒடிகின்றன என்று பொறுமையாக எண்ணினார். தம் முடிவுகளை 1870-ல் தொகுத்து வெளியிட்டார். சுமையைக் குறைக்கக் குறைக்கத் தண்டு தாங்கும் சுற்றுகள் பெருகுகின்றன. ஒரு குறிப்பிட்ட அளவுக்குக் கீழே சென்றால் எஃகுத் தண்டு எத்தனையோ இலட்சம் சுற்றுகளுக்குப் பிறகும் ஒடிவதில்லை. அந்த அளவைச் 'சோர்வு எல்லை' என்று அழைக்கிறோம். திரும்பத் திரும்ப வரும் சுமையால் உலோகம் விரிசல் கண்டு ஒடிவதற்கு 'உலோகச் சோர்வு' என்று பெயர். அலுமினியத்துக்கு இப்படித் தெளிவான எல்லை கிடையாது. அதில் சிறு சுமையும் போதிய தடவை வந்தால் விரிசலை உண்டாக்கிவிடும்.

ஓர் அச்சு எத்தனை முறை வளைகிறது?

ரயில் அச்சு எங்கே வளைகிறது, அது சுழலத்தானே செய்கிறது என்று நீங்கள் கேட்கலாம். பெட்டியின் பாரம் அச்சின் இரு முனைகளிலும் கீழ்நோக்கி அழுத்துகிறது; தண்டவாளம் சக்கரங்களின் வழியாக மேல்நோக்கித் தாங்குகிறது. ஆகவே அச்சு கண்ணுக்குத் தெரியாத அளவு வளைந்தே இருக்கிறது. வளைந்த தண்டின் ஒரு பக்கம் இழுபடும். எதிர்ப் பக்கம் அமுங்கும். அச்சின் மேற்பரப்பில் ஒரு புள்ளியைக் குறித்து வையுங்கள். இப்போது இழுபடும் பக்கத்தில் உள்ள அந்தப் புள்ளி, அரைச் சுற்று சுழன்றதும் அமுங்கும் பக்கத்துக்கு வந்துவிடும். அடுத்த அரைச் சுற்றில் மீண்டும் இழுபடும். ஒவ்வொரு சுற்றும் கொடிக்கம்பியை ஒருமுறை முன்னும் பின்னும் வளைப்பதற்குச் சமம்.

ஒரு கணக்குப் போடுவோம். நம் ரயில் பெட்டியின் புதிய சக்கரத்தின் விட்டம் 915 மி.மீ. சுற்றளவு சுமார் 2.87 மீட்டர். சென்னையிலிருந்து மதுரைக்கு ரயில் பாதை ஏறத்தாழ 490 கி.மீ. வகுத்துப் பாருங்கள்: ஒரு பயணத்தில் அச்சு 1 இலட்சத்து 70 ஆயிரம் முறை சுழல்கிறது. நாள்தோறும் ஒரு பயணம் என்றால், இரண்டே மாதத்தில் 1 கோடி சுற்றுகள். அந்த அச்சு இருபது ஆண்டு உழைக்கவேண்டும். அதன் மேற்பரப்பில் ஒவ்வொரு புள்ளியும் நூறு கோடிக்கு மேற்பட்ட தடவை இழுபட்டு அமுங்கவேண்டும். ஒரு தடவைகூட விட்டுக்கொடுக்கக் கூடாது.

ஏன் எப்போதும் தோலில்?

சோர்வு விரிசல் பெரும்பாலும் மேற்பரப்பில்தான் பிறக்கிறது. இதற்கு மூன்று காரணங்கள் உள்ளன.

முதல் காரணம் வளைவின் இயல்பு. ஒரு பொருளின் ஓர் அலகுப் பரப்பில் செயல்படும் உள்விசையைத் 'தகைவு' என்று உங்கள் பாடநூலில் படித்திருப்பீர்கள். தண்டு வளையும்போது அதன் நடு அச்சில் தகைவு சுழி. நடுவிலிருந்து விலக விலக அது கூடி, வெளிப்பரப்பில் உச்சத்தை அடைகிறது. முறுக்கும்போதும் அப்படியே. ஆக, உழைப்பில் பெரும் பங்கு தோலுக்குத்தான்.

இரண்டாவது காரணம் கீறல்கள். ஆற்று நீரோட்டத்தின் நடுவே ஒரு பாலத்தூண் நின்றால் நீர் அதன் ஓரத்தில் நெருங்கி விரைவதைக் காண்கிறீர்கள். அதுபோலவே உலோகத்தினூடே செல்லும் விசையும் ஒரு கீறலைச் சுற்றிக்கொண்டு போகவேண்டியிருக்கிறது. கீறலின் அடிமுனையில் அது நெருங்கிக் குவிகிறது. மற்ற இடங்களில் தகைவு பாதுகாப்பான அளவில் இருக்க, கீறலின் அடியில் மட்டும் அது இரண்டு மடங்கு, மூன்று மடங்காகிவிடும். கீறல் எவ்வளவு கூர்மையோ அவ்வளவுக்கு ஆபத்து. என் சைக்கிள் கிராங்கில் நடந்தது இதுதான்.

மூன்றாவது காரணம் உலோகத்தின் அமைப்பு. இரும்பு, சின்னஞ்சிறு படிக மணிகள் நெருங்கி அமைந்த திரள். உள்ளே இருக்கும் மணியை எல்லாப் பக்கமும் அண்டை மணிகள் இறுக்கிப் பிடித்திருக்கின்றன. மேற்பரப்பில் உள்ள மணிக்கு ஒரு பக்கம் காவல் இல்லை. 1903-ல் யூயிங், ஹம்ஃப்ரி என்ற இரு ஆராய்ச்சியாளர்கள், சுவீடன் இரும்பை வளைத்து வளைத்து, அதன் மெருகேற்றிய பரப்பை நுண்ணோக்கியில் பார்த்தார்கள். சில ஆயிரம் சுற்றுகளில் மேற்பரப்பு மணிகளில் மெல்லிய கோடுகள் தோன்றின. சீட்டுக்கட்டின் சீட்டுகள் ஒன்றன்மேல் ஒன்று வழுக்குவதுபோல, படிகத்தின் அடுக்குகள் வழுக்கியதன் அடையாளம் அவை. சுற்றுகள் பெருகப் பெருகக் கோடுகள் அகன்று, இறுதியில் விரிசலாக மாறின. காற்றிலுள்ள ஈரமும் துருவும் மேற்பரப்பைத்தான் முதலில் தாக்குகின்றன என்பதையும் இத்துடன் சேர்த்துக்கொள்ளுங்கள்.

அடித்து உருவான இரும்பு

கொல்லுப் பட்டறையில் இரும்பைச் செக்கச் செவேலெனக் காய்ச்சிச் சம்மட்டியால் அடித்து அரிவாளாக்குவதைப் பார்த்திருக்கிறீர்களா? அதே வேலையைப் பெரிய சுத்தியல் இயந்திரங்களாலும் அச்சுகளாலும் தொழிற்சாலைகளில் செய்கிறார்கள். அங்கே இதற்கு 'ஃபோர்ஜிங்' என்று பெயர். கிராங்க் ஷாஃப்ட், கனெக்டிங் ராடு, லாரியின் முன் அச்சு முதலிய கடின உழைப்பு உறுப்புகள் இம்முறையில் உருவாகின்றன. பெங்களூரை அடுத்த எலகங்காவில் உள்ள ரயில்வே தொழிற்சாலையில் ரயில் அச்சுகளையும் இப்படித்தான் எஃகுக் கட்டிகளிலிருந்து அடித்து நீட்டுகிறார்கள்.

உருக்கி வார்த்த இரும்பைவிட அடித்து உருவாக்கிய இரும்பு உறுதியானது. அடியால் உள்ளிருக்கும் சிறு துளைகள் மூடிக்கொள்கின்றன. உலோகத்தின் இழையோட்டம் உறுப்பின் வடிவத்தை ஒட்டி வளைந்து செல்கிறது. மரக்கிளையில் இயற்கையாகக் கிடைத்த கவை, பலகையிலிருந்து அறுத்தெடுத்த கவையைவிட வலுவானது அல்லவா? அதைப் போன்றது இது.

ஆனால் இங்கே ஒரு முரண்பாடு இருக்கிறது. அடித்த இரும்பின் உள்ளம் உயர்ந்தது, தோல் தாழ்ந்தது. செந்தணலில் இருக்கும்போது இரும்பின் மேற்பரப்பு காற்றுடன் சேர்ந்து செதிளாக உரிகிறது. எஃகுக்கு வலிமை தரும் கரியும் தோலிலிருந்து எரிந்துபோய்விடுகிறது. கரி இழந்த தோல் மென்மையானது. அடிக்கும்போது சில இடங்களில் உலோகம் மடிந்து ஒட்டாமல் நின்றுவிடுவதும் உண்டு. இப்படி மெருகேற்றாமல் விட்ட தோலுடன் இருக்கும் உயர்வலிமை எஃகின் சோர்வு வலிமை, நன்கு மெருகேற்றிய அதே எஃகின் வலிமையில் பாதிக்கும் கீழே போய்விடக்கூடும். அதிக விலை கொடுத்து உயர்ந்த எஃகை வாங்கி, அதன் தோலைக் கவனிக்காமல் விட்டால் கொடுத்த விலை வீண்.

தோலுக்கு வைத்தியம்

தோலைக் கடைந்து, மெருகேற்றி, கீறலில்லாமல் செய்வது முதல் வைத்தியம். அதைவிட நுட்பமான வைத்தியம் ஒன்று உண்டு. தோலை முன்கூட்டியே அமுக்கத்தில் வைத்துவிடுவதுதான் அது.

ஐந்து பேர் அமரக்கூடிய பேருந்து இருக்கையில் ஆறு பேர் நெருக்கியடித்து உட்கார்ந்திருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். பேருந்து குலுங்கும்போது யாருக்கும் இடையில் இடைவெளி விழாது. ஒருவரையொருவர் நெருக்கிக்கொண்டே இருப்பார்கள். தோலில் உள்ள அணுக்களை இப்படி நெருக்கி வைத்துவிட்டால், விரிசல் வாய் திறக்க இடம் எங்கே? விரிசல் வளர்வதற்கு இழுப்பு வேண்டும். அமுக்கத்தில் அது மூடிக்கொள்ளும்.

எளிய எண்களால் பார்ப்போம். வேலையின்போது தோலில் தகைவு +300-க்கும் −300-க்கும் இடையே மாறி மாறி வருகிறது என்க. கூட்டல் குறி இழுப்பு, கழித்தல் குறி அமுக்கம். அலகு, ஒரு சதுர மில்லிமீட்டருக்கு இத்தனை நியூட்டன். முன்கூட்டியே தோலில் −200 அமுக்கத்தை நிலையாக வைத்துவிட்டால், மொத்தத் தகைவு +100-க்கும் −500-க்கும் இடையே மாறும். இழுப்பு 300-லிருந்து 100 ஆகக் குறைந்துவிட்டது. எஃகும் அதேதான், சுமையும் அதேதான். ஆயுள் மட்டும் பன்மடங்கு கூடுகிறது.

சரி, தோலை எப்படி அமுக்கத்தில் வைப்பது? ஒரு வழி, சிறு எஃகுக் குண்டுகளை மழையாகப் பொழிவது. பட்டறைகளில் இதை 'ஷாட் பீனிங்' என்கிறார்கள். ஒரு மில்லிமீட்டரும் அதற்குக் குறைவுமான குண்டுகள் நொடிக்குப் பல பத்து மீட்டர் வேகத்தில் உறுப்பின்மேல் மோதுகின்றன. ஒவ்வொரு குண்டும் ஒரு சிறு குழியைப் பதித்து, தோலைப் பக்கவாட்டில் விரியச் செய்கிறது. கீழே உள்ள உலோகம் விரியவில்லை. அது விரிந்த தோலைப் பழைய அளவுக்கே இழுத்துப் பிடிக்கிறது. ஆகவே தோல் அமுக்கத்தில் நின்றுவிடுகிறது. இந்த அமுக்கம் இருப்பது மில்லிமீட்டரில் சில பத்தில் ஒரு பங்கு ஆழம் வரைதான். அந்த மெல்லிய அடுக்குதான் உறுப்பின் உயிரைக் காக்கிறது.

1930-களில் அமெரிக்கக் கார் தொழிற்சாலையில் பணியாற்றிய ஜான் ஆல்மென் இந்த முறையை அளவிட்டுச் செய்ய வழி கண்டார். குண்டு மழைக்கு ஒரு பக்கத்தைக் காட்டிய தகடு வளைந்து கொள்வதை அவர் கவனித்தார். அந்த வளைவையே அளவுகோலாக்கினார். 76 மி.மீ. நீளமும் 19 மி.மீ. அகலமும் உள்ள எஃகுப் பட்டையைக் கட்டையில் இறுக்கி, குண்டு மழையில் காட்டிக் கழற்றினால் அது வில்லாக வளையும். வளைவின் உயரம் மழையின் கடுமையைச் சொல்லும். இன்றும் உலகெங்கும் 'ஆல்மென் பட்டை' பயன்பாட்டில் இருக்கிறது.

இதை நீங்களும் பார்க்கலாம். பெரியவர் ஒருவரின் துணையுடன், கண்ணுக்குக் கண்ணாடி அணிந்துகொண்டு, 2 மி.மீ. கனமுள்ள அலுமினியப் பட்டை ஒன்றைத் தட்டையான இரும்பின்மேல் வையுங்கள். உருண்டை முனையுள்ள சுத்தியலால் ஒரே பக்கத்தில், நெருக்கமாக, மெல்லத் தட்டிக்கொண்டே வாருங்கள். பிறகு மேசைமேல் வைத்துப் பாருங்கள். அடிபட்ட பக்கம் புடைத்து நிற்க, பட்டை வில்போல வளைந்திருக்கும்.

வேறு வழிகளும் உண்டு. கடினமான உருளைகளால் தோலை அழுத்தி உருட்டுவது ஒன்று. அம்மோனியா வாயுவில் சுமார் 500 டிகிரி செல்சியசுக்கு மேல் பல மணி நேரம் வைத்து, நைட்ரஜன் அணுக்களைத் தோலுக்குள் புகுத்துவது இன்னொன்று. புகுந்த அணுக்களுக்கு இடம் வேண்டும். அவை தோலை நெருக்கிக் கடினமாக்குகின்றன. கிராங்க் ஷாஃப்டுகளுக்கு இது பெரிதும் உதவுகிறது. 900 டிகிரியை ஒட்டிய வெப்பத்தில் தோலுக்குள் கரியை ஏற்றிச் சட்டென்று குளிர்விப்பது பற்சக்கரங்களுக்கு ஏற்றது. உயர் அதிர்வெண் மின்காந்தப் புலத்தால் தோலை மட்டும் சூடேற்றிக் குளிர்விப்பதும் உண்டு. இப்படிக் கடினமாகும்போது எஃகு சற்றே பருக்கிறது. பருத்த தோல் நெருக்கத்துக்கு உள்ளாகிறது. வழிகள் பல, தத்துவம் ஒன்று. கார்களின் பக்கக் கண்ணாடியும் இதே தத்துவத்தில்தான் வலுப்பெறுகிறது. அங்கே குளிர்ந்த காற்றைச் சட்டென்று வீசித் தோலை அமுக்கத்தில் வைக்கிறார்கள்.

மருந்தே நஞ்சாவதும் உண்டு

தோலுக்குச் செய்வதெல்லாம் நன்மை என்று எண்ணிவிடக்கூடாது. சாணைக்கல்லில் அவசரமாக அழுத்திக் கடைந்தால் தோல் சூடேறி, ஆறும்போது சுருங்கி, இழுப்பில் நின்றுவிடும். பளபளப்பாகத் தெரியும் அந்தப் பரப்பு விரிசலுக்கு வாசல் திறந்து வைத்திருக்கிறது. கடினக் குரோமிய முலாம் தேய்மானத்தைத் தடுக்கும். ஆனால் அந்த முலாமிலேயே மயிரிழை வெடிப்புகள் இருப்பதால் சோர்வு வலிமை குறையும். அதனால்தான் முக்கிய உறுப்புகளுக்கு முதலில் ஷாட் பீனிங் செய்து, பிறகு முலாம் பூசுகிறார்கள். குண்டு மழையும் அளவு மீறினால் தோல் மடிந்து, அதுவே சிறு விரிசல்களாகும். தொழிற்சாலை எண்ணை எந்த இடத்தில் பதிப்பது என்பதையும் வரைபடத்திலேயே குறிப்பிடுகிறார்கள். தகைவு மிகுந்த இடத்தில் பதித்த ஓர் எண், நான் வெட்டிய எழுத்தைப் போலவே எமனாகலாம்.

கவனத்தில் கொள்ளவேண்டிய இன்னொன்றும் உண்டு. தோல் அமுக்கத்தில் இருந்தால், அதற்குச் சமநிலையாக உட்புறம் சிறிது இழுப்பில் இருந்தாகவேண்டும். விசைகள் சமப்பட்டால்தானே பொருள் நிலையாக நிற்கும்! உள்ளே மாசோ துளையோ இருந்தால் விரிசல் தோலுக்கு அடியிலிருந்தும் பிறக்கலாம். தோல் வைத்தியம் உள் நோயைக் குணமாக்காது.

15,503 பயணங்கள்

இந்த உண்மையை உலகம் பெரும் விலை கொடுத்துக் கற்றது. 1989-ஆம் ஆண்டு ஜூலை 19-ஆம் நாள், அமெரிக்காவின் டென்வரிலிருந்து சிகாகோவுக்கு 296 பேருடன் ஒரு டிசி-10 விமானம் பறந்துகொண்டிருந்தது. வால் பகுதியில் இருந்த எஞ்சினின் விசிறிச் சுழல்தட்டு நடுவானில் வெடித்துச் சிதறியது. சிதறிய துண்டுகள் விமானத்தைத் திருப்பும் எண்ணெய்க் குழாய்களை அறுத்துவிட்டன. எஞ்சியிருந்த இரு எஞ்சின்களின் வேகத்தை மட்டும் மாற்றி மாற்றி, விமானி ஆல் ஹெய்ன்சும் துணைவர்களும் விமானத்தைச் சூ நகர் விமான நிலையம் வரை கொண்டுவந்தனர். தரையில் மோதி விமானம் உடைந்தது. 112 பேர் இறந்தனர். 184 பேர் பிழைத்தனர்.

மூன்று மாதங்களுக்குப் பின், சோளக்கொல்லையில் சுழல்தட்டின் துண்டுகள் கிடைத்தன. அது டைட்டானியக் கலவையை அடித்து உருவாக்கிய தட்டு. டைட்டானியத்தை உருக்கியபோதே நைட்ரஜன் மிகுந்த, கடினமான, நொறுங்கும் இயல்புள்ள ஒரு சிறு துணுக்கு உள்ளே தங்கிவிட்டது. அடித்து உருவாக்கியபோதும் அது போகவில்லை. தற்செயலாக அது தட்டின் நடுத்துளையின் பரப்பிலேயே வந்து அமைந்தது. இறுதிக் கடைசலின்போதோ ஷாட் பீனிங்கின்போதோ அது பெயர்ந்து விழுந்து, ஒன்றரை மில்லிமீட்டருக்கும் குறைவான நீளமுள்ள ஒரு குழியை விட்டுச் சென்றிருக்கவேண்டும் என்பது விசாரணையாளரின் முடிவு. அந்தக் குழியில் விரிசல் பிறந்தது.

ஒவ்வொரு பயணத்தின்போதும் எஞ்சின் முழு வேகத்தில் சுழன்று, பிறகு ஓய்ந்தது. ஒவ்வொரு பயணமும் விரிசலை ஒரு மெல்லிய வரி அளவு வளர்த்தது. அந்தத் தட்டு செய்த பயணங்கள் 15,503. உடைந்த முகத்தில் இருந்த முக்கிய வரிகளை எண்ணியபோது, அவையும் ஏறக்குறைய அந்த எண்ணிக்கைக்குச் சமமாக இருந்தன. முதல் பயணத்திலிருந்தே விரிசல் வளரத் தொடங்கிவிட்டது என்பது அதன் பொருள். 18,000 பயணங்கள் வரை தட்டைப் பயன்படுத்தலாம் என்று விதிக்கப்பட்டிருந்தது. விபத்துக்குச் சுமார் ஓராண்டுக்கு முன் நடந்த சோதனையின்போது விரிசல் ஏறத்தாழ அரை அங்குல நீளத்துக்கு வளர்ந்திருந்தது. ஒளிரும் சாயத்தைப் பூசிப் பார்த்தவர் கண்ணில் அது படாமல் தப்பிவிட்டது.

குண்டு மழை பொழிந்த தட்டுதான். அடித்து உருவாக்கிய தட்டுதான். சோதனைகளும் பல நடந்த தட்டுதான். இருந்தும் ஒரு கடுகளவு குழி அத்தனையையும் வென்றுவிட்டது. ஆகவே உலோகத்தைத் தூய்மையாக உருக்கவேண்டும், முறையாக அடிக்கவேண்டும், தோலைப் பக்குவப்படுத்தவேண்டும், அதன் பிறகும் கண் அயராமல் சோதித்துக்கொண்டே இருக்கவேண்டும். இவற்றில் எந்த ஒன்றும் மற்றொன்றுக்கு ஈடாகாது. நம் ரயில்வே பணிமனைகளில் அச்சின் முனையில் மீயொலிக் கருவியை வைத்து, உள்ளே எதிரொலி கேட்கிறதா என்று அவ்வப்போது சோதிப்பது இதற்காகத்தான்.

நீங்கள் செய்யக்கூடியது

உங்களில் சிலர் நாளை பொறியியலாளர் ஆவீர்கள். சிலர் லேத் பட்டறையில் உளி பிடிப்பீர்கள். சிலர் பணிமனையில் சோதனைக் கருவியுடன் அமர்வீர்கள். மேலே சொன்ன சங்கிலியில் எல்லோருக்கும் இடம் இருக்கிறது. ஒடிந்த இரும்புத் துண்டு எது கிடைத்தாலும் அதைத் தூக்கி எறியுமுன் முகத்தைப் பாருங்கள். கறுத்த வழவழப்பும் வளைகோடுகளும் தெரிந்தால், கோடுகளின் மையத்தைத் தேடிச் செல்லுங்கள். அங்கே பெரும்பாலும் ஒரு கீறலோ, கூரிய மூலையோ, துருக்குழியோ, யாரோ ஒருவரின் கவனக்குறைவோ இருக்கும்.

இப்போது என்னிடம் வேறொரு சைக்கிள் இருக்கிறது. அதிலும் என் பெயரின் முதல் எழுத்து உண்டு. கிராங்கில் அல்ல, சேற்றுத் தகட்டில், பெயின்டில் எழுதியிருக்கிறேன்.